பித்தப்பைச் சத்திரசிகிச்சை: எந்த முறை, யாருக்கு, எப்போது?
சப்ரகமுவ தோட்டங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

பித்தப்பையில் கல் இருக்கிறது, அகற்ற வேண்டும் என்று முடிவானதும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி, "வெட்டா, கமராவா?" என்பது. இந்தக் கேள்வியை மருத்துவ உலகம் நாற்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. திறந்த முறை, சிறு வெட்டு முறை, நான்கு துளை முறை, ஒற்றைத் துளை முறை, ரோபோ முறை என்று பாதைகள் பெருகியிருக்கின்றன. ஒப்பீட்டு ஆய்வுகளும் ஏராளம். ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க நகர ஆஸ்பத்திரிகளில், சம்பளத்தோடு விடுமுறை பெறக்கூடிய நோயாளிகளை வைத்துச் செய்யப்பட்டவை. பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவருக்கும், தெரணியகலைப் பக்கம் விடியுமுன் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவருக்கும் அந்த முடிவுகள் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை நாமே யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இக்கட்டுரை அந்த முயற்சி.

தோட்டத்திலிருந்து தியேட்டர் வரை

சப்ரகமுவ என்பது இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரண்டு மாவட்டங்கள். நுவரெலியாவைப் போல மலையகத் தமிழர் செறிந்து வாழும் பகுதி அல்ல. இங்கே தமிழ்த் தொழிலாளர்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே தோட்டம் தோட்டமாகச் சிதறி வாழ்கிறார்கள். இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கம் தேயிலை. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டைப் பக்கம் இறப்பரும் தேயிலையும் கலந்து. சிதறல் காரணமாகத் தமிழ் பேசும் வைத்தியரும் தாதியும் கிடைப்பது மத்திய மலைநாட்டைவிட இங்கே அரிது.

வலி வந்தவர் முதலில் போவது தோட்டத்து டிஸ்பென்சரிக்கு. அங்கே கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் கேஸ்டிரைட்டிஸ். இரவில் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டபின் வலது விலாவுக்குக் கீழே பிடித்து, தோள்பட்டை எலும்புவரை ஏறி, சில மணி நேரம் நின்று வதைத்துவிட்டு விலகும் வலி பித்தக்கல்லின் அடையாளம். வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை இதைத் தீர்க்காது. உறுதிப்படுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வேண்டும். அதற்குக் கரவனெல்லை, பலாங்கொடை போன்ற ஆதார வைத்தியசாலைகளுக்கோ, இரத்தினபுரி, கேகாலை நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கோ இறங்க வேண்டும். இறங்கும் ஒவ்வொரு நாளும் ஒரு பேர் போகும். அதாவது அன்றைய நாட்சம்பளம் கிடையாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இலங்கையின் பெரும் சாதனை அது. இருந்தும் வருமான இழப்பு, போக்குவரத்து, கூடவே தங்குபவரின் இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து இலவசச் சிகிச்சைக்கும் ஒரு விலையை வைத்துவிடுகின்றன. சத்திரசிகிச்சை முறைகளை ஒப்பிடும்போது இந்த விலையைக் கணக்கில் எடுக்காத எந்த ஒப்பீடும் தோட்டத்துக்கு முழுமையானது ஆகாது.

எல்லாக் கல்லையும் எடுக்க வேண்டுமா?

ஸ்கேனில் தற்செயலாகத் தென்பட்டு, எந்தத் தொந்தரவும் தராத கல்லுக்குப் பொதுவாகச் சத்திரசிகிச்சை தேவையில்லை. இதில் வைத்தியர்களிடையே பரந்த உடன்பாடு உண்டு. வலி தரும் கல்லைப் பற்றித்தான் அண்மைக்காலத்தில் புதிய கேள்விகள் எழுந்துள்ளன.

நெதர்லாந்தில் 1,067 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019 இல் வெளியான 'செக்யூர்' ஆய்வு, சத்திரசிகிச்சைக்கு ஆட்களைக் கண்டிப்பான விதிகளின்படி தெரிவு செய்வதையும் வழக்கமான நடைமுறையையும் ஒப்பிட்டது. ஓராண்டின் முடிவில் முற்றாக வலி நீங்கியவர்கள் ஒரு பிரிவில் 56 சதவீதம், மற்றதில் 60 சதவீதம். எந்த வழியில் போனாலும் பத்தில் நான்கு பேருக்கு ஏதோ ஒரு வயிற்று வலி மிஞ்சியது. பிரித்தானியாவில் 434 பேரைக் கொண்டு நடந்த 'சி-கால்' ஆய்வு 2023 இல் வெளியானது. உடனே சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களுக்கும், காத்திருந்து பார்க்க ஒதுக்கப்பட்டவர்களுக்கும் 18 மாதங்களில் வலியின் அளவில் வேறுபாடு தெரியவில்லை. காத்திருந்தவர்களில் நால்வரில் ஒருவரே அந்தக் காலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்துகொண்டார்.

இந்த முடிவுகள் நமக்கு இரண்டு பாடங்கள் தருகின்றன. முதலாவது: எல்லா வயிற்று வலிக்கும் பித்தக்கல்லைக் குற்றம் சாட்டக் கூடாது. வலியின் இடம், நேரம், தன்மை ஆகியவற்றை நோயாளியின் மொழியில் கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும். காத்திருந்து பார்க்கலாம் என்ற இரண்டாவது பாடத்தில் எச்சரிக்கை வேண்டும். பிரித்தானியாவில் காத்திருப்பவருக்கு நிலைமை மோசமானால் சில மணி நேரத்தில் ஆஸ்பத்திரி கிடைக்கும். மே மாத மழையில் மண்சரிந்து பாதை மூடும் ஒரு தோட்டத்தில் இருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்ததையும், 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் இந்த மாகாணம் மறந்துவிடவில்லை. மீண்டும் மீண்டும் கடும் வலி வரும் தோட்டத் தொழிலாளியைக் காத்திருக்கச் சொல்வதற்கு முன் அவருடைய லயத்திலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்பது மருத்துவக் கேள்விதான்.

திறந்த முறை

பித்தப்பையை முதன்முதலில் அகற்றியவர் ஜெர்மனியின் கார்ல் லாங்கன்பூக். 1882 ஜூலை 15 அன்று பெர்லினில், பல ஆண்டுகள் வலியில் வாடிய 43 வயது ஆண் ஒருவருக்கு அதைச் செய்தார். அதற்குமுன் வைத்தியர்கள் பையைத் திறந்து கல்லை மட்டும் எடுத்தார்கள். கல் மீண்டும் உருவானது. கல்லை உருவாக்கும் பையையே எடுத்துவிட வேண்டும் என்ற அவருடைய கருத்துதான் இன்றுவரை எல்லா முறைகளுக்கும் அடிப்படை.

நூறாண்டுகளுக்கு மேலாக இதுவே ஒரே வழியாக இருந்தது. வலது விலாவுக்குக் கீழே நீண்ட வெட்டு. வயிற்றுத் தசையை அறுத்து உள்ளே போதல். கண்ணால் நேரடியாகப் பார்த்து, கையால் தொட்டு உணர்ந்து பையைப் பிரித்தல். இதன் பலம் அந்தத் தொடுதலில் இருக்கிறது. கடும் அழற்சியில் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும்போதும் இரத்தக்கசிவைக் கட்டுப்படுத்த முடியாதபோதும் இன்றும் இதுவே கடைசி அரண். இதன் குறை வெட்டிலேயே இருக்கிறது. அறுத்த தசை ஆற வாரக்கணக்கில் எடுக்கும். மூச்சு இழுக்கும்போது வலிப்பதால் சளி கட்டி நெஞ்சில் தொற்று வரலாம். வெட்டு ஆறிய இடத்தில் பின்னாளில் குடலிறக்கம் வரலாம். முதுகில் பாரம் சுமந்து செங்குத்தான மலை ஏறி இறங்குபவருக்கு இந்தக் கடைசி ஆபத்து சாதாரணமானது அல்ல.

கமரா முறை

1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் போப்ளிங்கன் நகரில் எரிக் மூஹே குழாய் வழியாகப் பார்த்தபடி முதல் பித்தப்பையை அகற்றினார். சக வைத்தியர்கள் அதை ஏற்கவில்லை. அவரை நிராகரித்த ஜெர்மன் சத்திரசிகிச்சைச் சங்கமே பின்னர் 1992 இல் அவருக்கு விருது வழங்கியது. இடையில், 1987 இல் பிரான்சின் லியோன் நகரில் பிலிப் மூரே கமராவின் உதவியோடு இதைச் செய்ய, அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

இந்தியாவுக்கு இது வந்த விதம் நமக்கு முக்கியமானது. 1990 இல் மும்பையின் ஜே.ஜே. அரச ஆஸ்பத்திரியில் தெஹெம்டன் உத்வாடியா இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். வசதி படைத்தவர்களின் தனியார் ஆஸ்பத்திரிகளில் பிறந்து பிறகு கீழே இறங்கிவந்த நுட்பம் அல்ல இது. ஏழைகள் வந்து குவியும் ஓர் அரச ஆஸ்பத்திரியில் வேர் பிடித்தது. சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் ஏழைக்குத்தான் அதிகம், ஆகவே இது ஏழைக்கே கூடுதலாகத் தேவை என்ற வாதத்துக்கு ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் தொடக்கமே சான்று. தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் சி. பழனிவேலு அடுத்த ஆண்டுகளில் இத்துறையை வளர்த்து, பல தலைமுறைச் சத்திரசிகிச்சை நிபுணர்களுக்குப் பயிற்சி தந்தார்.

செய்யும் விதம் இது. முழு மயக்கம் கொடுத்து, தொப்புள் வழியாகக் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி வயிற்றை உயர்த்துவார்கள். அழுத்தம் வழமையாக 12 முதல் 15 மில்லிமீற்றர் பாதரசம். நான்கு துளைகள், பெரியவை 10 மில்லிமீற்றர், சிறியவை 5 மில்லிமீற்றர். ஒன்றில் கமரா, மற்றவற்றில் கருவிகள். பித்தப்பையின் குழாயையும் நாடியையும் கிளிப் போட்டு வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்துத் துளை வழியே வெளியே எடுப்பார்கள். தசை அறுபடாததால் வலி குறைவு. பலர் மறுநாளே நடந்து வீடு திரும்புகிறார்கள்.

இந்த முறை பரவத் தொடங்கிய ஆண்டுகளில் ஒரு கசப்பான உண்மையும் வெளிப்பட்டது. கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தக் குழாயைத் தவறுதலாக வெட்டிவிடும் விபத்து, திறந்த முறையில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாக இருந்தது. கமரா முறையின் ஆரம்ப காலத்தில் அது நான்கைந்தாக உயர்ந்தது. எண் சிறியதுதான். ஆனால் அந்த ஒருவருக்கு நேர்வது வாழ்நாள் துன்பம்: மஞ்சள் காமாலை, தொற்று, மீண்டும் மீண்டும் சத்திரசிகிச்சை. அதைச் சரிசெய்ய இரத்தினபுரியிலிருந்து கொழும்புக்கோ ராகமைக்கோ போக வேண்டியிருக்கும்.

இதற்கான பதில் 1995 இல் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் முன்வைத்த பாதுகாப்பு விதி. எதையும் வெட்டுமுன் மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்: பித்தப்பைக் கழுத்தருகே உள்ள முக்கோணப் பகுதி கொழுப்பும் நாரும் நீக்கித் துப்புரவாக வேண்டும், பையின் கீழ்ப்பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும், பைக்குள் நுழைவன இரண்டே இரண்டு என்று கண்ணுக்குத் தெளிவாக வேண்டும். இவை நிறைவேறாவிட்டால் அங்கேயே நிறுத்த வேண்டும். பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து முடிக்கலாம். வெட்டு முறைக்கு மாறலாம். மாறுவது தோல்வி அல்ல. நோயாளியின் உயிரைக் காக்கும் தீர்மானம் அது.

சிறு வெட்டு முறை

கமராவின் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட மறக்கப்பட்டது இந்த மூன்றாவது வழி. 8 சென்ரிமீற்றருக்குக் குறைவான வெட்டு. முடிந்தவரை தசையை அறுக்காமல் விலக்கி உள்ளே போதல். பழைய திறந்த முறைக் கருவிகளே போதும்.

இதைப் பற்றிய மிக நேர்மையான ஆய்வு இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் நடந்து 1996 இல் வெளியானது. இருநூறு நோயாளிகளுக்குக் குலுக்கல் முறையில் கமராவோ சிறு வெட்டோ ஒதுக்கப்பட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரியான கட்டு போடப்பட்டதால் எந்த முறை நடந்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பராமரித்த தாதிக்கும் தெரியாது. இதன் விளைவாகக் 'கமரா என்றால் சீக்கிரம் குணமாகும்' என்ற முன்னெண்ணம் முடிவைப் பாதிக்க வழியில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் தங்கிய நாட்களிலும் வேலைக்குத் திரும்பிய காலத்திலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறு வெட்டு முறை 40 நிமிடத்தில் முடிந்தது; கமரா முறைக்கு 65 நிமிடம் தேவைப்பட்டது.

2010 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் குழு, 56 ஆய்வுகளில் கலந்துகொண்ட 5,246 நோயாளிகளின் தரவுகளைத் தொகுத்தது. மரணத்திலும் சிக்கல்களிலும் மூன்று முறைகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு இல்லை. கமராவும் சிறு வெட்டும் பழைய பெரிய வெட்டைவிட விரைவாகக் குணம் தந்தன. சிறு வெட்டு நேரத்திலும் செலவிலும் குறைந்திருந்தது.

அப்படியானால் சிறு வெட்டுக்குத் திரும்பலாமா? முழுமையாகத் திரும்பச் சொல்ல மாட்டேன். சிறு வெட்டு வழியாகப் பாதுகாப்பாகச் செய்யத் தனிக் கைத்திறன் வேண்டும். இன்றைய இளம் நிபுணர்கள் கமராவில் பழகியவர்கள். சிறு வெட்டின் இடுக்கான பார்வையில் அவர்களை இறக்கிவிடுவது ஆபத்து. ஆனால் கமராக் கருவி பழுதானாலோ, வாயு கிடைக்காவிட்டாலோ, முழு மயக்கம் தாங்காத நோயாளி வந்தாலோ, ஓர் ஆதார வைத்தியசாலை சத்திரசிகிச்சையையே கைவிடாமல் இருக்க இந்தத் திறன் உயிரோடு இருக்க வேண்டும்.

புதிய பாதைகள்

தொப்புளில் ஒரே துளை போட்டுச் செய்யும் முறை அழகுக்கு நல்லது, தழும்பு மறைந்துவிடும். ஆனால் 2013 இல் வெளியான ஒரு குலுக்கல் ஆய்வில் துளையிட்ட இடத்தில் குடலிறக்கம் ஒற்றைத் துளையில் 8.4 சதவீதம், நான்கு துளையில் 1.2 சதவீதம். பாரம் தூக்குபவருக்கு இதை யாரும் பரிந்துரைக்கக் கூடாது. ரோபோ முறையைப் பற்றி அமெரிக்காவில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட முதியோரின் பதிவுகளை ஆராய்ந்து 2023 இல் வெளியான ஆய்வு, பித்தக் குழாய்க் காயம் ரோபோவில் 0.7 சதவீதம், சாதாரணக் கமராவில் 0.2 சதவீதம் என்றது. பெருஞ்செலவு செய்து கூடுதல் ஆபத்தை வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

நமக்கு அருகிலேயே எழுந்துள்ள இன்னொரு முயற்சி கவனத்துக்கு உரியது. தமிழ்நாட்டின் ஜெ. ஞானராஜ் போன்ற கிராமப்புறச் சத்திரசிகிச்சை நிபுணர்கள், வாயுவுக்குப் பதிலாக வயிற்றுச் சுவரைக் கருவியால் மேலே தூக்கிப் பிடித்து, முதுகுத்தண்டு மயக்கத்திலேயே கமரா முறையைச் செய்யும் வழியை வளர்த்திருக்கிறார்கள். பிரித்தானியாவின் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அதற்கான கருவி வடிவமைப்பில் இணைந்தது. வாயு முறையைவிட உள்ளே கிடைக்கும் பார்வை குறுகலாக இருப்பதால், பித்தப்பைக்கு இதை ஆட்களைத் தேர்ந்தே பயன்படுத்த வேண்டும். இருந்தாலும், வசதி குறைந்த இடத்துக்கு ஏற்ப நுட்பத்தை வளைக்கலாம் என்ற எண்ணம் மதிக்கத்தக்கது.

எப்போது என்ற கேள்வி

முறைகளுக்கு இடையே நாம் கண்ட வேறுபாடுகள் சிறியவை. காலத்தில் ஏற்படும் வேறுபாடு பெரியது. பித்தப்பை அழற்சியோடு வருபவரை மருந்தால் தணித்து வீட்டுக்கு அனுப்பி, ஆறு வாரம் கழித்து வரச்சொல்வது பழைய வழக்கம். ஜெர்மனியை மையமாகக் கொண்டு 618 பேரிடம் நடந்து 2013 இல் வெளியான ஆய்வு, 24 மணி நேரத்துக்குள் கமரா மூலம் அகற்றப்பட்டவர்களில் 11.8 சதவீதத்தினருக்குச் சிக்கல் வந்ததாகவும், தாமதித்தவர்களில் அது 34.4 சதவீதம் என்றும் காட்டியது. கல்லால் வந்த இலேசான கணைய அழற்சிக்கும் அதே பாடம்: 2015 இல் வெளியான டச்சு ஆய்வில், அதே அனுமதியிலேயே பையை அகற்றியவர்களில் 5 சதவீதத்தினரே சிக்கல்களோடு திரும்பினார்கள், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் 17 சதவீதம்.

தோட்டத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆறு வாரம் கழித்து வரச்சொன்னவர், பேர் போகுமே என்று வராமல் இருந்துவிடலாம், திகதி தள்ளிப்போகலாம். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனைப் போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த வேண்டி வந்தது. தள்ளிவைத்த சத்திரசிகிச்சை நடந்தே தீரும் என்ற உறுதி இந்த நாட்டில் இல்லை என்பதை அப்போது கண்டோம். கிடைத்த அனுமதியிலேயே முடித்துவிடுவதுதான் தோட்டத்தவருக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

வேலைக்குத் திரும்புதல்

ஐரோப்பிய ஆய்வுகளில் 'வேலைக்குத் திரும்பினார்' என்பது பெரும்பாலும் நாற்காலிக்குத் திரும்பியதைக் குறிக்கும். தோட்டத்தில் இலேசான வேலை என்று ஒன்று கிடையாது. இரண்டு வாரத்தில் நடமாடக்கூடியவர் மலையேறிக் கொழுந்து சுமக்க மேலும் சில வாரம் ஆகும்.

2024 இல் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தச் சம்பளத்தில் வாரம் ஆறு நாள் வேலை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், பெரிய வெட்டுக்குப் பின் ஆறு வாரம் இழப்பது 48,600 ரூபாய். கமராவுக்குப் பின் மூன்று வாரம் என்றால் 24,300 ரூபாய். வித்தியாசமான 24,300 ரூபாய், லயத்தில் வாழும் ஒரு குடும்பத்துக்குக் கடன் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. தசை ஆறுமுன் பாரம் தூக்கினால் அதன் விலை இன்னும் கூடும். ஆகவே வைத்தியர் எழுதும் ஓய்வுக் கடிதத்தைத் தோட்ட நிர்வாகம் ஏற்று, திரும்பியவருக்கு முதல் சில வாரம் பாரமில்லாத வேலையில் முழுப்பேர் கொடுக்க வேண்டும்.

சத்திரசிகிச்சை நடந்த அன்றே வீட்டுக்கு அனுப்பும் வழக்கமும் இங்கே பொருந்தாது. காய்ச்சல், கண் மஞ்சளாதல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி ஆகியவை முதல் வாரத்தில் வந்தால் பித்தக்கசிவாக இருக்கலாம். உடனே திரும்பி வரவேண்டும். 2016 இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமாக வந்து உதவும். லயத்துக்கு வாகனம் ஏறாத தோட்டத்தவரை மேலும் ஓர் இரவு வார்டில் வைத்திருப்பது பாதுகாப்பு.

இவை அனைத்துக்கும் அடித்தளம் மொழி. 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. "கமராவில் தொடங்குவோம், பாதுகாப்பாக முடிக்க முடியாவிட்டால் வெட்டுக்கு மாறுவோம்" என்ற ஒரு விளக்கம் கையெழுத்து வாங்குமுன் தமிழில் சொல்லப்பட வேண்டும். சொல்லப்படாமல் கண்விழித்து நீண்ட கட்டைப் பார்ப்பவர், தனக்கு ஏதோ தவறு நடந்துவிட்டது என்றே நம்புவார். அந்த நம்பிக்கை தோட்டம் முழுவதும் பரவி அடுத்தவரையும் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுக்கும்.

தொகுத்துப் பார்த்தால்

நான்கு துளைக் கமரா முறை, ஸ்ட்ராஸ்பெர்க்கின் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றும் கையில், சப்ரகமுவ தோட்டத்தவருக்கு முதல் தெரிவாக இருக்க வேண்டும். சிறு வெட்டு முறை ஆதார வைத்தியசாலைகளில் மாற்று வழியாகப் பயிற்றுவிக்கப்பட வேண்டும். பெரிய வெட்டு கடினமான வேளைக்கு எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒற்றைத் துளையும் ரோபோவும் நம் தேவையல்ல.

ஆனால் இந்த முறைகளில் எது கிடைத்தாலும், தாமதமாகக் கிடைத்தால் அதன் பயன் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பணமும் கவனமும் முதலில் போக வேண்டிய இடங்கள் மூன்று: திரும்பத் திரும்ப வரும் விலா வலியைக் கேஸ்டிரைட்டிஸ் என்று விட்டுவிடாமல் ஸ்கேனுக்கு அனுப்பும் டிஸ்பென்சரி, அழற்சியோடு வந்தவரை அதே அனுமதியில் சத்திரசிகிச்சைக்கு எடுக்கும் தியேட்டர் நேரம், வார்டில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவபீடம் இன்று இரத்தினபுரியில் இயங்குகிறது. கொழுந்து எடுப்பவரும் பால் வெட்டுபவரும் எந்த முறைக்குப் பின் எத்தனை நாளில் மலைக்குத் திரும்புகிறார்கள் என்பதை அளந்து பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. அந்த அளவீடு கையில் இருந்தால், ஓய்வுக் கடிதத்துக்குச் சம்பளம் கேட்கும் தொழிற்சங்கத்துக்கும் அதை மறுக்கும் கம்பனிக்கும் நடுவே வைக்க ஓர் ஆதாரம் கிடைக்கும்.